மேப்பிளுக்குத் தடவிய மீன் எண்ணெய்

என் அத்தை இரண்டு பலகைகளை ஒரு பெட்டிக்குள் வைத்து, மேலே நாற்பது வாட்ஸ் பல்பை எரியவிட்டு அடைகாத்த மழைக்காலத்தில் எனக்கு ஆறு வயது. கோவளத்தில் எங்கள் வீடு கடலை ஒட்டி இருந்தது. ஐப்பசி பிறந்தால் ஜாடியில் இருக்கும் உப்பே தண்ணீராகிவிடும், மரம் மட்டும் சும்மா இருக்குமா? ஈரம் குடித்து நெளிந்துவிடும் என்பது அத்தையின் கவலை. "இன்னா, முட்ட வெச்சிகினு கீறியா?" என்று அப்பா தினமும் தவறாமல் கேட்பார்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமல்லபுரத்தில் கையாலேயே கிடார் செய்யும் ஒரு பட்டறையில் ஆறு வருடமாக வேலை பார்த்தாள். வேலை என்றால், மற்றவர்கள் செய்த கிடாரை உப்புத்தாளால் தேய்ப்பது. ஆறு வருடமும் அதே தேய்ப்புதான். அந்த வருடம்தான் முதலாளி இறங்கி வந்து, ஒரே கட்டையை நடுவில் பிளந்து எடுத்த மேப்பிள் என்ற சீமை மரப் பலகைகள் இரண்டை அவளிடம் கொடுத்தார். நீயாக ஒரு கிடார் செய்து காட்டு, தேறினால் உனக்கும் கிடார் செய்ய ஒரு மேசை என்றார். அப்பா தம் பங்குக்கு ஒரு கெடு வைத்தார். பொங்கலுக்குள் மேசை கிடைக்காவிட்டால் மீன் கம்பெனிக்குப் போய்விட வேண்டும். அத்தை இரண்டு பேருக்கும் தலையாட்டினாள். எங்கள் வீட்டுக்கு வாய்த்த பிடிவாதம் மொத்தமும் அவளுக்கே போய்விட்டது, மற்றவர்களுக்குக் கோபம் மட்டும்தான் மிஞ்சியது.

பலகையை விரலால் தட்டி அதன் ஒலியைக் கேட்டுக் கேட்டுத்தான் இழைக்க வேண்டுமாம். பட்டறைக்கு இரு பக்கமும் கல் சிற்பிகள், விடிந்ததிலிருந்து உளிச் சத்தம். அதனால்தான் அத்தை மரத்தை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். காலையில் பெட்டியைத் திறந்து, பலகையை ஓரமாகத் தூக்கிப் பிடித்து, காதருகே வைத்து ஒரு தட்டு தட்டுவாள். டங் என்று சுத்தமாகக் கேட்கும். வெள்ளை வெளேரென்ற மரம். அலை வடிந்த மணல்போல் குறுக்கே வரிவரியாக இருக்கும். இரண்டையும் புத்தகம் மாதிரி விரித்து வைத்தால் இந்தப் பக்கத்து வரி அந்தப் பக்கத்து வரியோடு போய்ச் சேரும். அதுதான் கிடாரின் முதுகு.

"மேப்பிளு வாயாடி மரம் இல்ல பாப்பா. முன்னாடி கீற பலக பேசச்சொல்ல குறுக்க பூராது" என்பாள். கிடாரின் முன்பலகை ஒலிக்கும்போது முதுகு இடையில் புகுந்து கெடுக்காதாம்.

அந்த மரத்துக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அப்பா தம் துடுப்புக்கும் பழைய கட்டுமரத்துக்கும் மீன் எண்ணெய் தடவுவார். தடவினால் தண்ணீர் ஏறாது. அத்தையின் மரமோ தண்ணீருக்குப் பயந்து பல்புக்கடியில் கிடக்கிறது. இவ்வளவு சுலபமான வழி பெரியவர்களுக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று எனக்கு ஆச்சரியம். ஒரு நாள் மத்தியானம் அம்மா சந்தைக்குப் போயிருந்தபோது, டின்னில் இருந்த எண்ணெயைத் துணியில் நனைத்து அழுத்தித் தேய்த்தேன்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அத்தையின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். மஞ்சளாகப் பளபளத்த பலகையை அவள் எடுத்துத் தட்டினாள். டொக் என்றது. பலகையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"எந்தப் பக்கம் தடவுன?"

"ரெண்டு பக்கமும். இன்னொண்ணுக்குத்தான் எண்ண பத்தல அத்தே" என்றேன். அந்தக் குறைக்காக எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அவள் திட்டவில்லை, அழவுமில்லை. மரத்தைச் சீவும் தகட்டை எடுத்துவந்து சுரண்ட ஆரம்பித்தாள். நாற்றம் வாசல்வரை வந்திருந்ததால் அப்பா உள்ளே நுழைந்ததும் யார் செய்த வேலை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"நான்தான்ணா. ஏதோ நெனப்புல தடவிட்டேன்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். மீன் கம்பெனியில் நாளைக்கே சொல்லி வைப்பதாகச் சொன்னார்.

"பொங்கலு வரிக்கும் சொல்லாத" என்றாள் அத்தை, சுரண்டுவதை நிறுத்தாமல்.

அதன்பிறகு தினமும் சுரண்டுவாள், முகர்ந்து பார்ப்பாள், மறுபடி சுரண்டுவாள். எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது. ஓரத்தில் நறுக்கிய துண்டுகளை ஒட்டிக் காயவைத்து, பிய்த்துப் பார்த்தாள். இரண்டு முறை கையோடு வந்துவிட்டது. மூன்றாம் முறை ஒட்டிய இடம் விடவில்லை, மரம்தான் உடைந்தது. அதற்குள் பலகை இருக்க வேண்டிய கனத்தைவிட மெலிந்துவிட்டது. ஒரு பாவமும் செய்யாத மற்றதையும் அதே அளவுக்கு இழைத்தாள். பலத்துக்கு உள்ளே ஒரு சட்டம் அதிகமாக ஒட்டினாள். படகைக்கூட எண்ணெய்க்கு முன் சுரண்டுவார்களே, இதுவும் அப்படித்தான் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போகிக்கு முந்தின நாள், செய்து முடித்த கிடாரோடு என்னையும் பட்டறைக்குக் கூட்டிப்போனாள். முதலாளி கிடாரை வாசித்தார். திருப்பித் தட்டினார். முதுகு மெலிசு என்றார். பிறகு நடுவில் இருந்த ஓட்டையில் மூக்கை வைத்தவர் நிமிர்ந்து, "என்னம்மா, மீன் வாசனை வருது?" என்றார்.

இந்த முறை விடக்கூடாது என்று நான் ஓரடி முன்னால் போனேன். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நாந்தான் சார் எண்ண தடவிட்டேன். தப்பு என்னுது."

எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இன்னொரு முறை வாசித்துவிட்டு, ஜன்னலோரம் இருந்த மேசையைக் காட்டினார். "பொங்கல் முடிஞ்சதும் அங்க உக்காரு. அடுத்த ஜோடி மரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதே" என்றார்.

பஸ்ஸில் நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. வாங்கிக் கொடுத்த வேர்க்கடலையையும் தொடவில்லை. கை வலிக்கத் தடவியது நான், எல்லோரிடமும் தான் தடவியதாகச் சொல்லி மேசையை வாங்கிக்கொண்டது அவள். இப்படிப்பட்டவளோடு என்ன பேச்சு என்று பொங்கலன்றுகூடப் பேசவில்லை.

மாட்டுப் பொங்கலன்று மனம் இளகிவிட்டது. நானே போய், "போனா போவுது அத்தே, நீயே தடவுனதா இருக்கட்டும்" என்றேன்.

அத்தை சிரிக்கவில்லை.

"ரொம்ப தேங்க்ஸ் பாப்பா" என்றாள்.