பெரிய கண் பட்சி

ஆவணப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஊரில் ஆள் பிடித்துக் கொடுப்பது, பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதைவிடக் கஷ்டமான தொழில். கூட்டத்துக்கு வந்தவனிடம் யாரும் "இயல்பா இருங்க" என்று சொல்வதில்லை. உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு கேமரா வந்து நின்று, குடித்து முடித்த டீயை மறுபடி குடிக்கச் சொல்லியிருந்தால், நீங்கள் என் கட்சி. மேலே படியுங்கள்.

நிபந்தனை

நெசவாளர் சங்கத்துக்கு நாற்பது வருடம் நோட்டீஸ் எழுதியவன் நான். என் படிப்பும் அந்த நோட்டீஸ்கள்தான். காஞ்சிபுரத்தில் நான் பசை தடவாத சுவர் இல்லை. சங்கம் என்னை மறந்த பிறகு, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த ஆள் வேண்டுமென்று படக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

சென்னையிலிருந்து மீரா என்ற இயக்குநர், இந்த ஊர்க் கலைஞர்களைப் பற்றிப் படமெடுக்க வந்தார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பட்டுச்சேலைக்கு டிசைன் வரையும் சபாபதியின் பெயர் படத்தில் வரவேண்டும். அவர் கட்டத்தாளில் வரைந்ததை உடுத்திக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணவறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வரைந்தது யார் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. விற்கிற கடையின் பெயரில்தான் சேலை போகும். இதைக் கண்டித்து மட்டும் பதினோரு நோட்டீஸ் எழுதியிருக்கிறேன். மீரா சிரித்துவிட்டார்.

"பேர் போட்டா போச்சு சார். அது ஒரு ப்ராப்ளமா?"

தண்ணீர் வரும்வரை

முதல் நாள் நாதஸ்வரக்காரர் கோவிந்தன். ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரையில் விடியற்காலையில் ஊதிக்கொண்டே நடக்க வேண்டும் என்றார்கள். பாலாற்றில் மணல்தான் இருந்தது. பரவாயில்லை, மணலிலேயே நடக்கட்டும் என்றார் மீரா. கோவிந்தன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். பத்தடி போவதற்குள் பனி அவரை வாங்கிக்கொண்டது. ஆள் மறைந்தார், சத்தம் மட்டும் மிச்சம்.

அது ஒருமுறை அக்கரையிலிருந்து வந்தது, ஒருமுறை காலடியிலிருந்து வந்தது. என்றைக்கோ ஓடிய தண்ணீர் அந்த மணலுக்குள் படுத்துக்கொண்டு முனகுவதுபோல் இருந்தது. மணல் கொள்ளையைப் பற்றி நோட்டீஸ் எழுதியவன் நான். அன்றைக்குக் கோபப்படவே மறந்துபோனேன். கேமராக்காரரும் வாயைத் திறந்தபடி நின்றார். வெயில் வந்து பனி விலகியபோது கோவிந்தன் எங்களுக்குப் பின்னால் நின்று ஊதிக்கொண்டிருந்தார். எப்படிச் சுற்றி வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"நிறுத்துன்னு நீங்க யாரும் சொல்லலியேபா. தண்ணி வந்து நிறுத்தட்டும்னு ஊதிக்கினு இருந்தேன்."

ராஜாவின் கோரிக்கை

அடுத்தது தென்னேரிப் பக்கத்துக் கூத்துக்காரர் ஒருவர், ராஜா வேஷம் கட்டுகிறவர். கேமரா முன் என்ன பேசவேண்டும் என்று மூன்று நாள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஓய்வூதியம், அடையாள அட்டை, அரிதாரச் சாமானுக்கு மானியம் என்று வரிசையாகச் சொல்லவேண்டும். மனிதர் நன்றாக மனப்பாடம் செய்துவிட்டார்.

தப்பு என்னுடையது. கிரீடம் கட்டும்வரைதான் அவர் எங்கள் ஆள்; கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை ராஜாவாகத்தான் பேசுவார். அது அவர்கள் வழக்கம். படக்காரர்கள் விளக்கு வைத்து முடிப்பதற்குள் கிரீடம் ஏறிவிட்டது. ஏரிக்கரையில் அந்திவெளிச்சம். அரசாங்கத்திடம் உங்கள் கோரிக்கை என்ன என்று மீரா கேட்டார். ராஜா ஏரியைத் தன் சொத்தைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார். பிறகு இரக்கத்தோடு திரும்பினார்.

"அரசாங்கமே நாம்தான் பெண்ணே. உனக்கு என்ன குறை, சொல்."

முதலாளி கண்ட கனவு

சபாபதியின் டிசைன்களில் பேர்பெற்றது ஓர் இருதலைப் பட்சி. இரண்டு தலையில் ஒன்றின் கண் மட்டும் கொஞ்சம் பெரியது. அந்தச் சேலையைப் படமெடுக்க ஒரு பட்டுக்கடை ஒத்துக்கொண்டது. மேனேஜர் சேலையை விரித்துப்போட்டு, இது பெரிய முதலாளியின் கனவில் வந்த பட்சி என்றும், அந்தப் பெரிய கண்தான் கடையின் அடையாளம் என்றும், கேமராவைப் பார்த்து உருக்கமாகச் சொன்னார்.

சபாபதி என்னோடு கதவோரம் நின்றிருந்தார். நான் கண்டனம் தெரிவிக்க வாயைத் திறந்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். தனக்கு வருகிற வேலை முழுக்க இந்தக் கடையிலிருந்துதான். இவர்கள் நிறுத்தினால் மற்றவர்களும் கூப்பிட மாட்டார்கள். பெயரும் வேண்டாம், பெருமையும் வேண்டாம் என்றார்.

"கனவு அவங்களுதாவே இருக்கட்டும் தலைவரே. உலை கொதிக்கறது என் வூட்ல."

நின்ற தெரு

மறுநாள் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் முனுசாமியின் தறியில் படப்பிடிப்பு. அதே பட்சி தறியில் பாதி வளர்ந்திருந்தது. கடைக்காகக் காவல் நிற்பதுபோல் மேனேஜரும் வந்துவிட்டார். ஒலிப்பதிவு செய்கிற ஜோசப், சுற்றிலும் தறிச்சத்தம், ஒன்றும் எடுக்கமுடியாது என்றார்.

இந்தத் தெருவை நிறுத்த நான் எத்தனை வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மூடிய கதவுக்குள் ஒரு தறி ஓடிக்கொண்டே இருக்கும். ஜோசப் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போனார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறியும் நின்றபோது, தெரு தண்ணீருக்கடியில் போனதுபோல் ஆனது. எங்கோ ஒரு கோயில் மணி. யார் வீட்டிலோ குக்கர் மூச்சு விடுவது கேட்டது.

இதை யார் வரைந்தது என்று மீரா கேட்டார். சபாபதி என்னைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, எந்த இழையைத் தூக்குவது, எதை விடுவது என்று கட்டங்களை எண்ண ஆரம்பித்தார். மூணு தூக்கு, ஒண்ணு விடு. அஞ்சு தூக்கு, ரெண்டு விடு. கையில் தாள் இல்லை. முனுசாமி துணியின்மேல் நகத்தை வைத்து இழை இழையாகக் கூடவே போனார். வாலிலிருந்து இறக்கை, இறக்கையிலிருந்து கழுத்து. அந்தக் குரலிலிருந்து பட்சி எழுந்து, ஓட்டுக்கூரைக்கு அடியில் மெல்லச் சுற்றுவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பெரிய கண்ணுக்கு வந்ததும் எண்ணுவது நின்றது.

"இங்க ரெண்டு விட்டிருக்கணும், மூணு விட்டுட்டேன்," என்றார் கண்ணைத் திறக்காமலே. "அன்னிக்கு என் சின்னவளுக்கு ஜொரம். ஒரு கையால நெத்திய தொட்டுப் பாத்துக்கினே வரைஞ்சேன். தறிக்கு அட்டையில ஓட்டை குத்தினப்புறம் சொல்ல பயமாப் போச்சு."

மேனேஜர் துணியைக் குனிந்து பார்த்தார். முனுசாமிதான் பேசினார்.

"கனவுலகூடவா மேனேஜர் சார் கட்டம் தப்பும்?"

ஜுரம்

கடை சபாபதிக்கு வேலை கொடுப்பதை நிறுத்தியது. அவர் பயந்தபடியே மற்றக் கடைகளும் கூப்பிடவில்லை. நான் பன்னிரண்டாவது நோட்டீஸ் எழுதிக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கி, மடித்து, ஆடிய மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார். படம் வெளிவந்தது; மீரா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். முதலாளியின் கனவு வருகிறது, அடுத்து அந்த எண்ணிக்கை, கீழே சபாபதியின் பெயர். ஆனால் பெயர் வந்த வீட்டில் அடுப்பு மந்தமாகத்தான் எரிந்தது.

இதற்கிடையில் கடைக்காரர்கள் வேறு ஆளை வைத்து இரண்டு கண்ணையும் சமமாக வரைந்து நெய்துவிட்டார்கள். முகூர்த்தச் சேலை எடுக்க வந்தவர்கள் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, படத்தில் பார்த்த பெரிய கண் பட்சி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஆவணி மாதம் ஒரு காலையில் மேனேஜரே கட்டத்தாள் சுருளோடு சபாபதி வீட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். பழைய தப்பை அப்படியே போட்டுக் கொடுக்க வேண்டும், வேண்டுமானால் ஓரத்தில் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்றார். சபாபதி சுருளை வாங்கித் தரையில் விரித்து, பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

"பேரு எழுதிடலாம் சார். அந்தத் தப்பு வர்றதுக்கு வூட்ல யாருக்காவது ஜொரம் வரணுமே."

நாற்பது வருடம் எல்லாவற்றையும் சரியாகவே எழுதி ஒரு தெருவைக்கூட நிறுத்த முடியாத நான்தான், ஒரு கட்டம் தப்பாகப் போட்டு ஒரு கடையையே தன் வாசலுக்கு வரவழைத்த மனிதருக்கு இன்றும் தலைவர்.