ஸ்டெல்லா அக்கா வண்டியை ஓரம் கட்டினார்

மாகறல் தாண்டி ஸ்டெல்லா அக்காவின் வண்டி நிற்கிறது என்றுதான் முதலில் சொன்னார்கள். டயர் பஞ்சராகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு குழந்தைக்குச் சோறு பிசைந்தேன். சோறு கையில் இருக்கும்போதே அடுத்த போன் வந்தது. அந்த வழியாகப் போன பால் வண்டிக்காரர் இறங்கிக் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு பக்க இண்டிகேட்டரும் எரிந்துகொண்டிருந்தன. ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தது. இன்ஜினை அணைத்திருந்தார். பின்னால் ஏற்றியிருந்த எங்கள் கத்தரிக்காய் மூட்டையில் ஒன்றுகூடச் சரியவில்லை. அக்கா மட்டும் ஸ்டியரிங் மேல் சரிந்து கிடந்தார். மாரடைப்பு. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

உத்திரமேரூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டாம். நம் காயையும் பூவையும் காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போன சின்ன பெட்ரோல் பிக்கப் அவருடையது. கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்துப் பெண், ஓட்டுநர் உரிமம் எடுத்து, கடன் வாங்கிச் சொந்த வண்டி ஓட்டியவர். “பொம்பள ஓட்டுனா மூட்ட கனம் கொறஞ்சிடுமாய்யா? ஏத்து” என்று தோட்டத்து ஆண்களை அதட்டுவார். அவர்கள் சிரித்துக்கொண்டே ஏற்றுவார்கள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் மகள் பிறந்த நாளிலிருந்து நான் அவருக்குப் ‘பாப்பாம்மா’.

தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர், ஆயுத பூஜையையும் தவறவிட மாட்டார். கண்ணாடிக்கு மேலே சிலுவை, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம். “கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு. அவரு கோயிலுக்குந்தான் இந்த வண்டில காய் போவுது” என்பார். என் மகள் கைக்குழந்தையாக இருந்த வருடம், பூஜைக்காக எங்கள் பம்ப்செட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்தார். சீட்டைத் தூக்கி, அதற்குக் கீழே இருக்கும் இன்ஜினை ஹோஸ் பைப் வைத்துக் கழுவினார். போதாதென்று ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரையும் அதன் தலையில் ஊற்றிக் குங்குமம் வைத்தார். “இன்னா அழகா கீது பாரு, கல்யாணப் பொண்ணாட்டம்!”

மறுநாள் என் குழந்தைக்கு மூச்சு இரைத்தது. இரண்டு நாளாகச் சளி இருந்தது. வீட்டில் எல்லோரும் சளிதான் என்றார்கள். எனக்குப் பயம். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்பது ஊருக்கே தெரியும், அதனால் என் பயத்துக்கு மதிப்பில்லை. என் கணவர் வெளியூர் போயிருந்தார். அக்காவும் குழந்தையைப் பார்த்துவிட்டு, “சளிதாம்மே. சரி, ஏறு, காட்டிட்டு வந்துடலாம்” என்றார்.

காஞ்சிபுரத்துக்குப் பாதி வழியில் வண்டி உதறத் தொடங்கியது. டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டியது. பெட்ரோல் வாடை அடித்தது. அக்கா உடனே ஓரம் கட்டினார். என் மடியில் குழந்தையின் விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தன.

“நிறுத்தாதீங்க அக்கா! ஓடுதில்ல, போங்க!” என்று கத்தினேன்.

“வெளக்கு சும்மா எரிஞ்சா போயிக்கினே இருப்பேன். இது சிமிட்டுது. உள்ள பெட்ரோல் எரியாம சைலன்சருக்குப் போவுது. இப்டியே ஓட்டுனா அது வெந்துபோயி, ஆளே இல்லாத எடத்துல நின்னுடும். பயப்படு, வேணாங்கல. வண்டிய நிறுத்திட்டுப் பயப்படு. எறங்கி நூத்தியெட்டுக்குப் போன் போடு. எது முன்ன கெளம்புதோ அதுல போலாம்.”

போன் போட்டேன். அவர் சீட்டைத் தூக்கினார். இன்ஜின் ஓடும்போதே, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில்களில் ஒன்றின் ஒயரைக் கழற்றினார். வண்டி இன்னும் மோசமாக உதறியது. அதை மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றினார். எந்த மாற்றமும் இல்லை. “இவந்தான் தூங்குறான்” என்று இன்ஜினை அணைத்து, அந்தக் காயிலை மேலே உருவினார். ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் மஞ்சள் தண்ணீர் நின்றது, குங்குமத்தோடு.

“அடிப்பாவி ஸ்டெல்லா!” என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். “நானே ஊத்தி நானே மாட்டிக்கினேன். குடு அந்தத் துணிய.”

குழந்தையின் துணியை ஸ்குரூ டிரைவரில் சுற்றிக் குழிக்குள் விட்டு ஒற்றி எடுத்தார். வாயால் ஊதினார். காயிலின் ரப்பர்க் குழாயை உள்ளும் புறமும் துடைத்து மாட்டினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இன்ஜின் சீராக ஓடியது. விளக்கு சிமிட்டுவதை நிறுத்திவிட்டு, அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

“இன்னும் எரியுதே அக்கா?”

“கோவம் அடங்க ரெண்டு நாளு ஆவும். மெக்கானிக் பாத்துக்குவான். நீ ஏறு.”

மருத்துவமனையில் குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “நான் சளின்னு சொன்னேன். ஊரே சொல்லுச்சு. உன் பயந்தாம்மே புள்ளைய இங்க இட்டுக்கினு வந்துச்சு. யார் சிரிச்சாலும் அத வுட்டுடாத.” என் பயத்தை ஒருவர் மதித்துப் பேசி அன்றுதான் கேட்டேன்.

அடக்கம் முடிந்த பிறகு, அவரோடு தினமும் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப்போகும் வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நாலு நாளா தோளு நோவுதுன்னு சொல்லிக்கினு இருந்துச்சுக்கா. வயசாயிடுச்சி உனுக்கு, தைலம் தேச்சிக்கோன்னு நான் கிண்டல் பண்ணேன். ‘பாப்பாம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத, அது பயந்துக்கினு என்ன ஆஸ்பத்திரில படுக்கப்போட்டுடும், அப்பறம் காய யாரு ஏத்துறது’ன்னு சிரிச்சுச்சு.”

ஆமாம் அக்கா, படுக்கப் போட்டிருப்பேன். நீங்கள் திட்டத் திட்ட இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அன்று என் பிள்ளைக்காக நிறுத்தினீர்களே, உங்களுக்காக ஒரு நாள் அந்த வண்டியை நிறுத்தியிருக்கக் கூடாதா? நான் ஒருத்தி பயந்துவிடுவேன் என்பதற்காகவா மறைத்தீர்கள்?

வசந்தாவை நான் குறை சொல்லவில்லை. மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் வலிப்பது நமக்கெல்லாம் சாதாரணம். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, விட்டுவிடாதே என்று அவர் சொன்ன இந்தப் பயம் ஒன்றுதான். அதனால் அவர் வண்டியில் காய் ஏற்றிய உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். தோளோ நெஞ்சோ வலித்தால், மூச்சு வாங்கினால், வேறு யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் சிரிக்க மாட்டேன்.