கல்யாண வீட்டில் காணாமல் போன வெற்றிலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாத முகூர்த்த நாள் ஒன்றில் வாடிப்பட்டி பக்கம் நடந்தது இது. அப்போது நான் மதுரை பக்கம் நாகமலை புதுக்கோட்டையில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். வெற்றிலைக் கொடியை அழுக வைக்கும் பாக்டீரியாவைப் பற்றியதுதான் என் புராஜெக்ட்.

அன்று காலை ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போய், நோய் விழுந்த இலைகளைப் பறித்து ஜிப் கவர்களில் போட்டு, நம்பர் எழுதி, ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் வைத்துக்கொண்டேன். மறுநாளே அந்தக் கொடிகளைப் பிடுங்கி எரித்துவிடப் போவதாகத் தோட்டக்காரர் சொல்லிவிட்டார். இவை கெட்டுப்போனால் வேறு இலைக்கு வழியில்லை.

மதுரை ஆரப்பாளையம் போகும் பஸ்ஸில் ஏறினேன். வாடிப்பட்டி தாண்டியதும் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்களில் படியில்கூட இடமில்லை. பெட்டியைத் திறந்தால் ஐஸ் பெரும்பாலும் தண்ணீராகியிருந்தது. எதிரே ஒரு கல்யாண மண்டபம். வேறு யோசனை வரவில்லை, பெட்டியோடு உள்ளே நுழைந்துவிட்டேன்.

வாசலில் சந்தனம் நீட்டிய அக்கா, "மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்றார்.

"ரெண்டும் இல்லைங்கக்கா. கொஞ்சம் ஐஸ் கிடைக்குமா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கல்யாணப் பெண்ணின் சித்தி. "ஐஸ் தீந்துபோச்சு, வாங்க ஆள் போயிருக்கு. அதுவரைக்கும் பிரிட்ஜுல வையி. நீ வா, சாப்பிடலாம்."

"அழைக்காம எப்படிக்கா…"

"பசிக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லு."

பசித்தது. சமையல்கட்டு பிரிட்ஜில் மாலைகளுக்கும் தயிருக்கும் நடுவில் கவர்களை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். விடுதிச் சாப்பாட்டில் காய்ந்திருந்த எனக்கு அந்த வத்தக்குழம்பும் பாயசமும் என்னென்னவோ செய்தன. இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கியதை ஒப்புக்கொள்கிறேன்.

கை கழுவிவிட்டு வந்து பிரிட்ஜைத் திறந்தால் மாலையும் தயிரும் இருந்தன. கவர்களைக் காணவில்லை.

சமையல்கட்டில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அப்போது தாம்பூல மேசைப் பக்கம் ஒரு குரல் கேட்டது. பட்டுச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் போனில் வெற்றிலைக் கடைக்காரரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, கல்யாண வீட்டுக்குக் குடுக்குற வெத்தலையா இது? எம்புட்டுப் புள்ளி, எம்புட்டு அழுகல். இதுல கவர் போட்டு நம்பர் வேற எழுதி அனுப்பியிருக்கீங்க."

அவர் கையில் இருந்தது என் கவர், மற்றவை மேசையில் கிடந்தன. தாம்பூல வெற்றிலை என்று நினைத்து யாரோ பிரிட்ஜிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். ஓடினேன். "அது கடை வெத்தலை இல்லைங்க மாமா. என்னோடது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த அழுகலையா தாயி தேடுற?"

"அழுகினாத்தான் மாமா எனக்கு வேணும்."

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வைக்காத போனுக்குள் கடைக்காரர் சிரிப்பதும் கேட்டது. பட்டுச் சட்டைப் பெரியவர் பெண்ணின் தாய்மாமா. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு போனை வைத்தவர், சட்டென்று முகம் மாறினார்.

"இன்னொரு கவரு ரொம்ப மோசமா இருந்துச்சுன்னு குப்பையில போட்டுட்டேனே தாயி."

நான் பதில் சொல்வதற்குள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போய்விட்டார். அங்கே எச்சில் இலைகள் குவிந்து கிடந்தன. "நீங்க வேண்டாம் மாமா, நான் தேடுறேன்" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. சித்தியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று பேருமாக இலைகளைத் தள்ளித் தேடினோம். அடியில் கிடைத்தது. வெளியே ரசம் வழிந்திருந்தது, ஆனால் ஜிப் திறக்கவில்லை. மாமா அதைக் குழாயில் கழுவி, தோளில் கிடந்த புதுத் துண்டாலேயே துடைத்துக் கொடுத்தார்.

அதற்குள் ஐஸும் வந்துவிட்டது. பெட்டியை நிரப்பிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியவளை விடாமல், தன் காரில் ஏற்றினார். போட்டோ எடுக்க அவரை மேடையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தயங்கினேன்.

"காலையிலருந்து எடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒன் வெத்தலை நாளை வரைக்கும் இருக்குமா?" என்று வண்டியைக் கிளப்பினார்.

அன்று சாயங்காலமே பரிசோதனையைத் தொடங்கிவிட்டேன். மற்ற இலைகளைவிட, குப்பைக்குப் போய் வந்த இலையிலிருந்துதான் பாக்டீரியா அருமையாக வளர்ந்தது. "இந்தக் கவர்ல ஏன் ரசம் வாசம் அடிக்குது?" என்று என் வழிகாட்டிப் பேராசிரியை கேட்க, நடந்ததைச் சொன்னேன். லேப்பே சிரித்தது.

இப்போது வேறு ஊரில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறேன். எதுவும் சரியாக வராத நாட்களில் அந்த மாமாவையும் சித்தியையும் நினைத்துக்கொள்வேன். அந்த இலையில் என்ன இருந்தது, எனக்கு அது எதற்கு என்பது அவர்களுக்கு முழுசாகப் புரிந்திருக்காது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு அது வேண்டும் என்பது மட்டுமே, பட்டு வேட்டியும் புடவையுமாக எச்சில் இலைக்குள் கைவிட அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.