தோளில் மிஞ்சிய கை

பழைய மடிக்கணினியைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை ஓடவிட்டேன். விசிறி சுழன்றதும் சூடான தூசி வாடை. அது மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு ஒரு கல்யாணப் படம்தான் ஞாபகம் வரும்.

ஓய்வு பெற்ற பிறகு, காசு கொடுத்து மென்பொருள் வாங்க மனமில்லாமல், இலவசமாகக் கிடைத்த ஜிம்ப்பில் படம் திருத்தக் கற்றேன். அலுவலகத்தில் விதிமுறைகளை மனப்பாடம் செய்தே காலம் தள்ளியவனுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. ஒன்றுதான் சூட்சுமம்: ‘சேவ்’ செய்தால் அந்த ஃபைலை ஜிம்ப் மட்டுமே திறக்கும், ஊரார் பார்க்க ‘எக்ஸ்போர்ட்’ செய்ய வேண்டும். அதை மறந்து பேனர் அச்சகத்தில் நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. ஒக்கலிபுரத்தில் எங்கள் சந்துப் பேனர்களில் சிரித்த தலைவர்கள் எல்லாம் என் கையால் வெளுத்தவர்கள்தான்.

ஒருநாள் கீழ்வீட்டு சரோஜாம்மா படியேறி வந்து கூப்பிட்டார். மடிக்கணினியோடு போனேன். மகனின் கல்யாணப் படம்.

“இவளை மட்டும் எடுத்துடுங்க சார். பையன் தனியா நிக்கணும்.”

“எதுக்கும்மா?”

“பின்னால உதவும். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க,” என்றார் கன்னடம் கலந்து.

காபி கொண்டுவந்து வைத்தவள் படத்தில் இருந்தவளேதான், மருமகள் கவிதா.

முகம் போயிற்று, புடவை போயிற்று. மகன் தோளில் அவள் கை மட்டும் மிஞ்சியது. விரல் விரலாக அழித்துக்கொண்டிருந்தேன். சரோஜாம்மா போன் பேச வாசலுக்குப் போனதும் கவிதா என் பின்னால் வந்து நின்றாள்.

“நான் நின்ன எடத்துல என்ன வைப்பீங்க அங்கிள்?”

“பக்கத்துச் சுவரையே நகலெடுத்து ஒட்டுவேன்.”

“அப்ப நான் இருந்ததே தெரியாது.” குரலைத் தாழ்த்தினாள். “நேத்து என் போனையும் வாங்கி வெச்சிட்டாங்க.”

“அப்பா நம்பர் ஞாபகம் இருக்கா?” என் போனை நீட்டினேன். அத்திபெலேவில் இருந்த அப்பாவிடம் நாலே வார்த்தை பேசினாள்.

சரோஜாம்மாவுக்கு ‘சேவ்’ மட்டும் செய்து கொடுத்தேன்.

“தெறக்கவே மாட்டேங்குதே சார்!”

“அப்படித்தாம்மா. நாளைக்குப் பாப்போம்.” விதிப்படி பொய்யில்லை.

மறுநாள் காலை கவிதாவின் அப்பா சரக்கு ஆட்டோவோடு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

சரோஜாம்மா மகனுக்கு இந்த ஆண்டு மறுமணம் ஆயிற்று. புது மருமகள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது வணக்கம் சொல்வாள். ஒரு வாரமாகக் காணோம். சரோஜாம்மாவிடம் இப்போது புதுப் போன். அதில் படத்தை விரலால் தொட்டால் ஆள் மறைந்துவிடுகிறார். படத்தோடு யாரும் என் படியேறி வருவதில்லை. ‘எதுக்கும்மா?’ என்று கேட்க நடுவில் என்னைப்போல் ஓர் ஆள் இருந்தான்; அவன் இப்போது தேவைப்படுவதில்லை.