திருநீற்றுக் கிண்ணத்தில் திருகாணி

பிள்ளையாருக்கு முன்னால் நின்று கோபப்படக் கூடாது என்பார்கள். நான் கோபப்பட்டேன். அது இன்னும் ஆறவில்லை.

என் மனைவிக்குக் கண்ணில் ஒப்பரேசன் செய்தபோது ஒரு நேர்த்தி வைத்தேன். பார்வை திரும்பினால், என் கையால் ஒரு திருநீற்றுக் கிண்ணம் கடைந்து, வெள்ளவத்தையில் நாங்கள் கும்பிடும் கோயிலுக்குக் கொடுப்பேன். அதில் என் பேர் இருக்காது என்று. பிள்ளையார் பார்வையைக் கொடுத்தார்.

நான் கொட்டாஞ்சேனையில் தளபாடப் பட்டறை ஒன்றில் கடைச்சல் வேலை செய்கிறவன். கதிரைக்கால், கட்டில்கால் என்று நாள் முழுக்க மெஷினில் மரம் சுற்றும். முதலாளியிடம் கேட்டு ஒரு பலாக் கட்டையை மாட்டிக் குடைந்தேன். ஐயர் ஒரு கையில் ஏந்திக்கொண்டு வரிசை முழுக்கக் கொடுக்க வேண்டுமே, பாரம் கூடாது என்று சுவரை மெல்லிசாக எடுத்தேன். சுற்றுகிற மரத்தில் அரக்குக் கோலை அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே அரக்கு உருகிப் பிடிக்கும். சிவப்பு அரக்கு ஏற்றி, ஓலைத் துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதன்மேல் வெள்ளை அரக்கில் மூன்று கோடு போட்டேன். பட்டை பூசின நெற்றி மாதிரி இருந்தது.

கோயில் செயலாளர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணை. உபயம் ஆரெண்டு போடேல்லையே?"

"பேர் வேண்டாம் தம்பி. இது நேர்த்தி."

"பேரில்லாத சாமான் கோயிலில கிடந்தா ஆரும் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐயர் திருநீறு கொண்டு வருகிறார். கிண்ணத்தில் பித்தளைத் தகடு! 'உபயம்' என்று தொடங்கி, லண்டனில் இருக்கிற ஒரு குடும்பத்தின் பேர், பட்டம், ஊர் எல்லாம் எழுதி, என் மூன்று கோட்டுக்கு மேலேயே இரண்டு திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அந்த மெல்லிய மரம் தாங்குமா? ஆணி போன இடத்திலிருந்து விளிம்புவரை வெடித்துவிட்டது. வெடிப்பால் திருநீறு கசிந்து நிலமெல்லாம் சிந்த, சனம் அதை மிதித்துக்கொண்டு நிற்கிறது. திருநீறு காலில் மிதிபடலாமா?

செயலாளரைப் பிடித்துக் கேட்டேன்.

"அவையள்தான் அண்ணை இந்த வருசத்துத் திருநீறு முழுக்கத் தாறினம். பாத்திரத்திலயும் பேர் தெரியட்டுமாம். நீங்கள்தானே பேர் வேண்டாமெண்டனியள். இடம் சும்மாதானே கிடந்தது."

"சும்மா கிடந்த இடமோ? தம்பி, உங்கட நெத்தியில சும்மா இடம் கிடக்கெண்டு ஆரும் போர்ட் அடிச்சா விடுவியளோ?"

பக்கத்தில் நின்ற மனுசி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செயலாளருக்கு முகம் கறுத்துப்போனது. திருத்தித் தருகிறேன் என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி அந்தத் தகட்டை எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள். "என்னப்பா, இவ்வளவு சின்ன எழுத்தையும் நான் வாசிக்கிறன். பிள்ளையார் நேர்த்தியை ஏற்றுக்கொண்டிட்டார்தானே, பிறகென்ன கோவம்?"

"அவர் தந்திட்டார். நான் இன்னும் குடுக்கேல்லையே. இப்ப இது லண்டன்காரற்ற கிண்ணமெல்லோ?"



மறுநாள் காலி வீதியில் பஸ்ஸேறி, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தகட்டைக் கழற்றினேன். மெஷினில் மாட்டி, வெடிப்பும் ஆணி ஓட்டையும் போகுமட்டும் சுவரைக் கடைந்து இறக்கினேன். கிண்ணம் தட்டமாகிவிட்டது. விளிம்பு ஒரு விரல் உயரம்தான். மறுபடி சிவப்பு அரக்கு, மூன்று வெள்ளைக் கோடு. அந்தக் கோடுகளுக்குப் பிறகு ஒரு எழுத்துக்கும் இடமில்லை. வேண்டுமென்றே அப்படிக் கடைந்தேன்.

தட்டத்தை நேரே ஐயர் கையில் கொடுத்தேன். தகட்டைப் பேப்பரில் சுற்றிச் செயலாளர் கையில் வைத்தேன்.

"இதை நான் என்ன செய்யிறது அண்ணை?"

"திருநீறு தந்தவையெல்லோ? வாற திருநீற்று மூட்டையில இதைக் கட்டி விடுங்கோ."

ஐயர் தட்டத்தை நீட்டினார். ஒரு துளியும் கீழே சிந்தவில்லை. எடுத்து ஆத்திரத்தோடு இழுத்துப் பூசினதில் பட்டை கோணலாகத்தான் விழுந்தது. பிள்ளையார் பொறுத்துக்கொள்ளட்டும்.