மூன்று ஊசித்துளைகள்

செயற்கைக்கோள்களுக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் பிலிமைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் அவள் பத்தொன்பது வருடமாகப் பரிசோதகர். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத பிலிம். அடியில் விளக்கெரியும் மேசைமேல் அது மெல்ல நகரும். துளையோ மடிப்போ இருக்கிறதா என்று நாள் முழுக்கக் குனிந்து பார்க்க வேண்டும். முகமூடிக்குள் மூச்சைக்கூட அளந்துதான் விடுவாள். வீடு திரும்பும்போது கழுத்து கழுத்தாக இருக்காது. எதைக் கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி. வாயை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறாளா என்பான் கணவன்.

அந்த வருடம் இன்னும் மெல்லிய பிலிம் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். ஒன்பது மாதம் இழுத்தடித்தது. பாதி ஓடுவதற்குள் கிழிந்து தொலைக்கும். ஒருவழியாக ஒரு ரோல் முழுதாக வந்தது. அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். பொறியாளர் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை பேருந்துக்கு நின்றபோது, வண்டியின் எண் அவளுக்குக் கலங்கலாகத் தெரிந்தது. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். எண்ணே இல்லை, வெறும் புகை. எத்தனை நாளாக இப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் மேலே போன பிறகு ஏணி வைத்து ஏறி ஒட்டுப்போட முடியாதே. நேராகப் பொறியாளரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த ரோலை வேற யாராவது ஒரு தடவ பாத்துடட்டும். என் கண்ணு சரியில்ல."

அவர் பேனாவை மூடி வைத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"முன்னாடி எனக்கே தெரியாது சார்."

இரண்டு பேர் ஒரு நாள் முழுக்கப் பார்த்தார்கள். மூன்று ஊசித்துளைகள். ரோல் கழிவுக்குப் போனது. வேலை மறுபடி முதலிலிருந்து. யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

அன்று சாயங்காலம் நடந்ததையெல்லாம் கணவனிடம் கொட்டினாள். பல வருடங்களில் அவள் அவ்வளவு பேசியதில்லை. அவன் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, நாளைக்கே கண் டாக்டரிடம் போகலாம் என்றான்.

கண்புரை. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் பரிசோதனை மேசைக்கு அவளை மறுபடி விடவில்லை, பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஐந்து மாதம் கழித்துப் புதிய ரோல் அங்கே வந்தது. இரண்டு கையாலும் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து, மூடி, நாடா ஒட்டினாள். கால் கடுத்தது. இன்னும் பதினோரு பெட்டிகள் இருந்தன.