தொமோயே நாலு என்றாள்

ஜப்பானின் யொனேசாவா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சலவைக்கடையில் தொமோயேவுக்கு முப்பத்துமூன்று வருஷமாக ஒரே வேலை. துணி இயந்திரத்துக்குள் போவதற்கு முன் அதன் பைகளைத் தடவிப் பார்க்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்து வாயடிப்பது கணவர் ஷோஜியின் பங்கு. பையில் ஓட்டை விழுந்து கோட்டின் உள்துணிக்குள் நழுவிப்போனதைக்கூட அவள் வெளியிலிருந்தே சொல்லிவிடுவாள். இது பொத்தான், இது இருமல் மிட்டாய், இது யாரோ தேடிக்கொண்டிருக்கும் தோடு. ஒருமுறைகூடத் தப்பியதில்லை. ஆனால் படித்தவர்கள் எது சொன்னாலும் "ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுகிற ரகம் அவள். அந்தத் தலையாட்டல் என்றைக்காவது தன் காலை வாரிவிடும் என்று அவளுக்கே உள்ளூர ஒரு பயம் இருந்தது.

பிள்ளையில்லாத அந்த வீட்டில் மொனாக்கா என்கிற பழுப்பு முயல்தான் செல்லம். நாலு வயது. இஸ்திரி மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஆவி சீறும்போதெல்லாம் காதை மட்டும் திருப்பும்.

பிறக்கப்போவதோ முயல் வருஷம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. வீட்டில் முயல் வைத்திருப்பவர்கள் புத்தாண்டு அட்டையில் அதன் படத்தைப் போடாமல் விடுவார்களா? சோயாப்பால் கட்டியான தோஃபு விற்கிற பக்கத்துக்கடை எஜிமாவிடமும் ஒரு முயல் உண்டு. பெயர் கொஉமே. கழுத்தில் எப்போதும் இளஞ்சிவப்பு ரிப்பன். டிசம்பர் முதல் தேதி, சலவைக்கடையின் வார விடுமுறை நாளில், சிவப்புக் கம்பளம் விரித்து இரண்டையும் ஜோடியாக உட்காரவைத்தார்கள். ஷோஜி கேமராவைச் சரிசெய்யத் தலையைக் குனிந்த பத்து விநாடிக்குள் கொஉமே மொனாக்காவின் முதுகில் ஏறியது. அடுத்த நொடியே தொப்பென்று பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது.

"ஐயோ, மயக்கமா?" என்றாள் தொமோயே.

"ஒண்ணுமில்லக்கா. ரெண்டும் பொண்ணுதானே, யாரு பெரியவன்னு காட்டிக்குதுங்க," என்றார் எஜிமா. "எங்க வீட்ல என் பொண்டாட்டியும் எங்கம்மாவும் தினம் பண்றதுதான்."

படம் அருமையாக வந்தது. "இரு கன்னியரின் புத்தாண்டு வாழ்த்து" என்று போட்டு, இரண்டு கடைக்குமாக இருநூறு அட்டை அச்சடித்தார்கள்.

ஒரு வாரத்தில் மொனாக்காவின் குணமே மாறிவிட்டது. மடியில் தூக்கினால் உறுமியது. கம்பளத்தைப் பிறாண்டியது. ஒரு நாள் தட்டைக் காலி செய்தது, மறுநாள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தொமோயே அதைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவர் நுமாதாவிடம் கொண்டுபோனாள். முப்பது வயதைத் தாண்டிய இளைஞர், பொறுமைசாலி. டாக்டரையும் வாத்தியாரையும் சென்செய் என்று அழைக்கிற ஊர் அது.

"ஆண் முயல் கூட இருந்துச்சா?" என்று அவர் வயிற்றை அமுக்கியபடி கேட்டார்.

"இல்லீங்க சென்செய். பக்கத்துவீட்டுப் பொண்ணு முயலோட ஒரு படம் எடுத்தோம், அவ்வளவுதான்."

"அப்ப இது பொய்க்கர்ப்பம். பொண்ணும் பொண்ணும் ஏறி விளையாடினாலே வரும். இன்னும் ஒரு வாரத்துல வைக்கோல் பொறுக்கிக் கூடுகூட கட்டும், உள்ள ஒண்ணும் இருக்காது. நாலு வயசாச்சு, கர்ப்பப்பையை எடுத்துட்டா பின்னால கட்டி வராது. பதினாறாம் தேதி ஆபரேஷன் வச்சுக்கலாமா?"

"ஆமாங்க," என்றாள் தொமோயே.

பதினாலாம் தேதி மாலை, கடைசிச் சட்டையை மடித்துவிட்டு, மொனாக்காவைத் துண்டில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். உறுமல் அடங்கும்வரை காத்திருந்தாள். அதன் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து, அமுக்காமல், பட்டுக் கிமோனோவின் உள்துணியைத் தடவுவதுபோல விரல்களை ஓட்டினாள். விரல் நின்றது. திராட்சை அளவில் ஒரு உருண்டை. பக்கத்தில் இன்னொன்று. மறுபக்கம் இரண்டு.

"ஏங்க, நாலு இருக்கு."

"என்ன நாலு?"

"குட்டி."

ஷோஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்பன் யாரு, கேமராவா? சென்செய் வருஷக்கணக்கா படிச்சவரு. நீ பையைத் தடவுறவ. வாயைத் தொறந்து மானத்தை வாங்காத."

மறுநாள் காலை மொனாக்கா வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கொண்டு மீசைக்காரனைப்போல ஓடியது. பொய்க்கர்ப்பத்துக்கு டாக்டர் சொன்ன அடையாளம் அட்சரம் பிசகாமல் வந்துவிட்டது. விரல் பொய் சொன்னால் ஊர் சிரிக்கும், அவ்வளவுதான். விரல் நிஜம் சொல்லி அவள் வாயை மூடிக்கொண்டால் நாலு உயிர் போய்விடும்.

பதினாறாம் தேதி ஒப்புதல் காகிதத்தை நுமாதா அவள் முன்னால் வைத்தார். அவள் கைப்பையிலிருந்து, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் பெயர்முத்திரையை எடுத்தாள். சிவப்பு மையில் தொட்டாள். காகிதத்துக்கு மேலே கை அப்படியே நின்றது.

"சென்செய், மன்னிக்கணும். உள்ள நாலு இருக்கு."

நுமாதா கோபப்படவில்லை. "அது புழுக்கையா இருக்கும்மா. குடல்ல வரிசையா நிக்கும். கைக்குக் குட்டி மாதிரியேதான் தெரியும்."

"புழுக்கை கெட்டி, சின்னது, வரிசையில நிக்குது. அதையும் தொட்டுப் பார்த்தேன். இது மெத்துனு இருக்கு, வழுக்கிட்டுப் போயி திரும்ப அதே எடத்துக்கு வருது. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. நான் முத்திரை வைக்க மாட்டேன்."

அறுபது வயதில் ஒரு டாக்டர் முகத்துக்கு நேராக முதல்முறையாக "மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மைப்பெட்டியை மூடினாள். நுமாதா ஒரு கணம் அவள் விரல்களைப் பார்த்தார். "சரி, ஸ்கேன் பண்ணிடுவோம்," என்றார்.

திரையில் சாம்பல் நிற மூட்டத்துக்குள் ஒரு புள்ளி படக்படக்கென்று துடித்தது. நுமாதாவே நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கிட்டே போனார். "ஒண்ணு... ரெண்டு... மூணு. துடிக்குதும்மா, மூணும் துடிக்குது."

"நாலு, சென்செய்."

"மூணுதான் தெரியுது."

"நாலு," என்றாள் தொமோயே. வாய் ஒருமுறை திறந்தால் அப்புறம் மூடாது போலிருக்கிறது.

அன்று மதியமே எஜிமா ரப்பர் பூட்ஸோடு, தோஃபுப் பெட்டியில் கொஉமேவை வைத்துக் கொண்டுவந்தார். நுமாதா அதை மல்லாத்திப் பார்த்துவிட்டு, "பையன்," என்றார். எஜிமா அதன் கழுத்து ரிப்பனை மெதுவாக அவிழ்த்தார்.

"ஆறு வருஷமா ரிப்பன் கட்டிவிட்டிருக்கேன்," என்றார் கடைசியில். "ஒரு நாளாவது வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

இருநூறு கன்னியர் அட்டையும் அதற்குள் தபாலில் சேர்ந்துவிட்டிருந்தன.

பிறகு நாள் எண்ணுவதுதான் வேலை. முயலுக்கு முப்பத்தொரு நாள். முதல் பிரசவம், வயதும் அதிகம், எதுவும் நடக்கலாம் என்று நுமாதா மறைக்காமல் சொல்லியிருந்தார். தொமோயே மரப்பெட்டி வாங்கிவந்தாள், வைக்கோல் நிரப்பினாள். கடைக்கு வந்தவர்களெல்லாம் துணியை மறந்து முயலை விசாரித்தார்கள். "குட்டி பொறந்தா கடைக்கு லீவு," என்று ஷோஜியே சொல்லித் திரிந்தார். அவர்தான் முதலிலேயே கண்டுபிடித்தார் என்று ஊரில் பாதிப்பேர் நம்பியும்விட்டார்கள். வருஷத்தின் கடைசி நாளில் மொனாக்கா தன் நெஞ்சு ரோமத்தைப் பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போட்டது.

புத்தாண்டுக் காலை வெளியே முழங்கால் அளவு பனி. பெட்டிக்குள் ரோமக் குவியல் தானாக அசைந்துகொண்டிருந்தது. மொனாக்கா ஒன்றுமே நடக்காததுபோல் ஒரு மூலையில் புல் மென்றது. தொமோயே கையைத் தேய்த்துச் சூடாக்கி, ரோமத்துக்கடியில் விட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. வெதுவெதுப்பாக நெளிந்தன. மறுபடி தடவினாள். மூன்றுதான். டாக்டர் சரி, அவள் தப்பு என்றால்கூடப் பரவாயில்லை, பிறந்ததில் ஒன்று போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே பெட்டியின் ஓரம்வரை விரலை நகர்த்தினாள். வைக்கோலுக்கடியில், குவியலைவிட்டுத் தள்ளி, சில்லென்று ஒன்று. அவள் அதை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்தி, வாயருகே வைத்து ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். அது காலை உதைத்தது. அழுதுகொண்டே அதை மற்ற மூன்றின் நடுவில் சொருகினாள்.

டிசம்பரிலேயே போட்ட வாழ்த்து அட்டைகளைப் புத்தாண்டுக் காலையில்தான் மொத்தமாகக் கொடுப்பது வழக்கம்; தபால்காரர் ரப்பர் வளையம் போட்ட கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஷோஜி அரிசி உருண்டை போட்ட புத்தாண்டு சூப்பை உறிஞ்சியபடி ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரு அட்டையைத் தள்ளிப்பிடித்துப் படித்தார்.

"மூன்றா, நான்கா? கிறிஸ்துமஸுக்கு முன்பே எழுதுகிறேன், விடை எனக்குத் தெரியாது. ஆனால் நான்கு என்றுதான் நினைக்கிறேன். நுமாதா." முன்பக்கம் திருப்பினார். "விலாசம் நம்முளுதுதான். பேருதான் ஏதோ தப்பா இருக்கு. தொமோயே சென்செய்னு போட்டிருக்கு. யாரு அது?"

"நாந்தாங்க," என்றாள் தொமோயே.